'அதர் 180 ஜிபி' என்றால் என்ன? கணினியின் சேமிப்பிடக் கணக்கை வாசிக்கும் முறை

டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சிவப்புப் பட்டை தெரிந்ததும் பலர் செய்வது இரண்டில் ஒன்று. கண்ணில் பட்ட படங்களை அழிப்பார்கள். இல்லாவிட்டால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் இன்னொரு டிஸ்க் வாங்கி வருவார்கள். இரண்டுக்கும் முன்னால், கணினி காட்டுகிற கணக்கை ஒரு தடவை ஒழுங்காக வாசித்துப் பாருங்கள். 'வீடியோஸ் 2 ஜிபி, டொகியுமென்ட்ஸ் 40 ஜிபி, அதர் (மற்றவை) 180 ஜிபி' என்று அது காட்டினால், உங்களிடம் வீடியோ குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீடியோக்கள் கணினி தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

எந்தக் கணினியும் இந்தக் கணக்குக்காக ஒவ்வொரு கோப்பையும் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. லட்சக்கணக்கான கோப்புகளை அப்படித் திறந்தால் பட்டை தெரிவதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆகவே தபால் கந்தோரில் கடிதத்தைப் பிரிக்காமல் உறையை மட்டும் பார்த்துப் பிரிப்பதுபோல, வெளியே தெரிகிற மூன்று விஷயங்களில் ஒன்றை வைத்து அது வகை பிரிக்கிறது: கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது, பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு என்ன நீட்சி இருக்கிறது, எந்தச் செயலிக்குச் சொந்தமானது. விண்டோஸ் பெரும்பாலும் முதலாவதைப் பார்க்கிறது. அன்ட்ரொய்ட் இரண்டாவதையும் மூன்றாவதையும் பார்க்கிறது. அப்பிளின் மக் கணினி தன் தேடல் அட்டவணையை நம்புகிறது. எந்தக் கருவி எதைப் பார்க்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் மொத்தம்

512 ஜிபி என்று பெட்டியில் அச்சிட்ட எஸ்எஸ்டியை விண்டோஸ் 476 ஜிபி என்று காட்டும். 256 என்றால் 238. 1 டிபி என்றால் 931 ஜிபி. கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024 × 1024 × 1024 பைட், அதாவது 107 கோடிக்குச் சற்று மேல் என்று எண்ணுகிறது. மக் 2009இல் வந்த 10.6 பதிப்பிலிருந்து தயாரிப்பாளரின் கணக்கையே பின்பற்றுகிறது. அதனால் ஒரே வெளிப்புற டிஸ்க்கை இரண்டிலும் செருகினால் இரண்டு எண் வரும். ஒரே கோப்பின் அளவும் அப்படித்தான் வேறுபடும். இந்த வித்தியாசத்தைத் 'தொலைந்த இடம்' என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

விண்டோஸ்: இடத்தைப் பார்த்து எண்ணுகிற கணக்கு

விண்டோஸ் 11இல் 'செட்டிங்ஸ்', பிறகு 'சிஸ்டம்', பிறகு 'ஸ்டோரேஜ்' என்று போங்கள். சில வகைகள் மட்டுமே முதலில் தெரியும். கீழே உள்ள 'ஷோ மோர் கேட்டகரிஸ்' என்பதை அழுத்தினால் மீதியும் வரும். அங்கே தெரிவது சி டிரைவின் கணக்கு. டி டிரைவைப் பார்க்க 'அட்வான்ஸ்ட் ஸ்டோரேஜ் செட்டிங்ஸ்' என்பதற்குள் 'ஸ்டோரேஜ் யூஸ்ட் ஒன் அதர் டிரைவ்ஸ்' என்பதைத் திறக்க வேண்டும்.

இங்கே 'டொகியுமென்ட்ஸ்' என்றால் ஆவணங்கள் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது உங்கள் கணக்கின் டொகியுமென்ட்ஸ் கோப்புறையின் எடை. அதற்குள் என்ன கிடந்தாலும் அந்தத் தலைப்பில்தான் சேரும். உயர்தரம் படிக்கிற பிள்ளை ஸூம் வகுப்புகளைக் கணினியில் பதிவு செய்திருந்தால், அந்தப் பதிவுகள் வழக்கமாக டொகியுமென்ட்ஸுக்குள் 'ஸூம்' என்ற கோப்புறையில்தான் விழும். பெரும்பகுதி எம்பி4 வீடியோ. ஆனால் பட்டையில் அவை 'டொகியுமென்ட்ஸ்'. கூட்டம் முடிந்ததும் லாப்டொப்பைப் படக்கென்று மூடிவிட்டால், வீடியோவாக மாற்றப்படாத இடைநிலைக் கோப்புகள் ஸூம் என்ற நீட்சியோடு அங்கேயே தங்கிவிடும். அவை எந்தக் கருவியின் வீடியோப் பட்டியலிலும் வராது. அவற்றை இரட்டைச் சொடுக்குச் செய்து மாற்றிக்கொள்ளலாம், தேவையில்லையென்றால் அழிக்கலாம்.

புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளின் கணினிகளில் வேறொரு சங்கதி. அவுட்லுக்கில் வருடக்கணக்காகச் சேர்ந்த மின்னஞ்சல், பிஎஸ்டி என்ற ஒற்றைக் கோப்பாக டொகியுமென்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்பதில் இருக்கும். 20 ஜிபி, 30 ஜிபி என்று அது வளர்ந்திருக்கும். விண்டோஸில் 'மெயில்' என்ற தலைப்பே இருந்தாலும் இது அங்கே போகாது. 'பில் பிடிஎஃப் எல்லாவற்றையும் அழித்துவிட்டோம், டொகியுமென்ட்ஸ் குறையவே இல்லை' என்று சொல்லும் கடைகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அவுட்லுக் திறந்திருக்கும்போது இந்தக் கோப்பை நகர்த்தவோ அழிக்கவோ கூடாது. உள்ளே இருப்பவை வியாபாரத்தின் கடிதங்கள். பழைய வருடங்களை அவுட்லுக்குக்குள்ளேயே 'ஆர்கைவ்' செய்து இன்னொரு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள்.

இனி 'அதர்'. நீங்களாக உருவாக்கிய கோப்புறைகள் எல்லாம் இங்கே வரும். டி டிரைவில் 'கல்யாண வீடியோ', 'படங்கள் 2019' என்று பெயர் வைத்துக் கோப்புறை போட்டிருந்தால், உள்ளே 200 ஜிபி வீடியோ இருந்தாலும் விண்டோஸுக்கு அது பெரும்பாலும் 'அதர்'. 'அதர்' மேல் அழுத்தினால் பெரிய கோப்புறைகளின் பட்டியல் வரும். அங்கிருந்து நேரே திறந்து பார்க்கலாம்.

'இன்ஸ்டால்ட் ஆப்ஸ்' பட்டியலையும் அப்படியே நம்ப வேண்டாம். மைக்ரோசொஃப்ட் ஸ்டோரிலிருந்து வந்தவற்றுக்கு அவற்றின் தரவும் சேர்த்து எண்ணப்படும். மற்ற நிரல்களுக்குக் காட்டுவது, நிறுவும்போது அந்த நிரல் தானாக எழுதிவைத்த அளவை. அதன்பின் அது சேர்த்த கேஷ், அதாவது வேலையை வேகமாக்க எழுதிவைக்கும் தற்காலிகத் தரவு, அதில் இல்லை. வெள்ளவத்தை ஸ்டூடியோக்களில் அடோபி பிரீமியர் பாவிப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கல்யாணத்தையும் வெட்டி ஒட்டும்போது பிரீமியர் தன் வேலைக்காக 'மீடியா கேஷ்' கோப்புகளை உங்கள் கணக்கின் மறைந்திருக்கும் ஆப்டேட்டா கோப்புறைக்குள் எழுதிக்கொண்டே போகும். பிரீமியருக்குள் 'பிரிஃபரன்ஸஸ்', 'மீடியா கேஷ்' என்று போய் 'டிலீட்' கொடுங்கள். மூல வீடியோவுக்கு ஒன்றும் ஆகாது. பழைய வேலையை மறுபடி திறந்தால் கேஷ் திரும்ப உருவாகச் சிறிது நேரம் எடுக்கும், அதுதான் நட்டம். அதே திரையில் கேஷை வேறு டிரைவுக்கு மாற்றவும், குறிப்பிட்ட நாளைக்குப் பிறகு தானாக அழியவும் வழி இருக்கிறது.

'டெம்பரரி ஃபைல்ஸ்' பக்கம் போகும்போது கையைக் கொஞ்சம் கட்டிக்கொள்ளுங்கள். அங்கே அப்டேட் மிச்சங்கள், சிறுபடங்கள், ரீசைக்கிள் பின் ஆகியவற்றோடு 'டவுன்லோட்ஸ்' என்ற பெட்டியும் இருக்கும். அது தற்காலிகக் கோப்பே அல்ல. நீங்கள் இறக்கிய எல்லாமும் அதுதான்: வங்கி அறிக்கை, கடந்தகால வினாத்தாள்கள், ஆட்பதிவு அட்டையின் ஸ்கேன் பிரதி. எல்லாப் பெட்டியிலும் சரி போட்டு 'ரிமூவ் ஃபைல்ஸ்' அழுத்தினால் அவையும் சேர்ந்து போகும், ரீசைக்கிள் பின்னில் தேடிப் பயனில்லை. இந்தப் பெட்டியை இங்கே வைத்தது மோசமான வடிவமைப்பு என்றுதான் சொல்ல வேண்டும். 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்ஸ்' என்பதை மட்டும், புதிய பதிப்பு ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியான பிறகு அழிக்கலாம். விட்டாலும் வழக்கமாக 10 நாளில் விண்டோஸே அழித்துவிடும்.

'சிஸ்டம் அண்ட் ரிசர்வ்ட்' என்பதில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கணினியை உறங்கவைக்கும்போது நினைவகத்தில் உள்ளதை எழுதிவைக்கும் ஹைபர்னேட் கோப்பு, ரேமின் 40 சதவீதம் அளவில் இருக்கும், அதாவது 16 ஜிபி ரேமுக்கு 6 ஜிபிக்கு மேல். அப்டேட்டுகளுக்கென்று சுமார் 7 ஜிபி ஒதுக்கப்பட்டிருக்கலாம். மீட்புப் புள்ளிகள் (பழுதானால் கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் வைக்கும் பதிவுகள்) அதிகம் இடம் பிடித்திருந்தால் 'சிஸ்டம் புரொடெக்ஷன்' திரையில் 'கன்ஃபிகர்' அழுத்தி உச்ச அளவைக் குறைக்கலாம். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' பெரிதாகத் தெரிகிறது என்று கையால் அழிக்கப் போகாதீர்கள். அதிலுள்ள பல கோப்புகள் ஒரே தரவுக்கு வைக்கப்பட்ட இரண்டாவது பெயர்கள். கோப்புகளைக் காட்டும் எக்ஸ்புளோரர் அவற்றை இரண்டு தடவை எண்ணுவதால்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இயங்குகிற கணினியில் இன்னொரு திருப்பம் உண்டு. அதன் 'பேக்அப்' வசதி போடப்பட்டிருந்தால் டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் நகர்ந்திருக்கும். பட்டையிலும் அவற்றின் எடை இடம் மாறும். அங்குள்ள கோப்பை வலச் சொடுக்கி 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்தால் பெயர் மட்டும் கணினியில் இருக்கும், தரவு மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், இருக்கும். திறக்கும்போது மறுபடி இறங்கும். டேட்டா பக்கேஜை எண்ணிப் பாவிப்பவர்கள் 10 ஜிபி வீடியோவை இப்படி மேகத்துக்கு அனுப்புவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள்.

நீட்சி சொல்வதும் சொல்லாததும்

கோப்புறைக் கணக்கு போதாதபோது நீட்சிக் கணக்குக்கு வர வேண்டும். அதற்கு முதலில் நீட்சியைக் கண்ணுக்குத் தெரிய வையுங்கள். எக்ஸ்புளோரரில் 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. விண்டோஸ் இதை மறைத்தே தருகிறது. மின்னஞ்சலில் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று வருகிற வைரஸை வெறும் 'பில்.பிடிஎஃப்' என்று காட்டுவதும் இந்த மறைப்புத்தான், ஆகவே சேமிப்பிடப் பிரச்சினை இல்லாதவர்களும் இதைப் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து 'வின்டிர்ஸ்டட்' என்ற இலவச நிரலை இறக்குங்கள். டிரைவைத் தெரிவு செய்தால் முழுவதையும் வாசித்து மூன்று பகுதியாகக் காட்டும்: கோப்புறைகள் பெரியதிலிருந்து சிறியதாக, நீட்சிகள் ஒவ்வொன்றும் மொத்தம் எவ்வளவு என்று, கீழே வண்ணக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு கோப்பு. கட்டம் பெரிதென்றால் கோப்பு பெரிது, நிறம் நீட்சியைக் குறிக்கும். ஒரு பெரிய கட்டத்தை அழுத்தினால் அது எங்கே இருக்கிறது என்று மேலே தெரியும். 'விஸ்ட்ரீ' இதையே இன்னும் வேகமாகச் செய்யும். அது கோப்புறை கோப்புறையாக நடக்காமல் விண்டோஸ் டிஸ்க்குகளின் வழக்கமான என்டிஎஃப்எஸ் வடிவத்தில் உள்ள கோப்பு அட்டவணையையே நேரே வாசிக்கிறது. அதற்கு நிர்வாகி அனுமதி வேண்டும். பழைய வன்தட்டு உள்ள கணினியில் இந்த வேக வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

நீட்சிக் கணக்கும் உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். வீட்டில் பழைய வீசிடித் தட்டுகளைக் கணினியில் பிரதி எடுத்து வைத்திருந்தால், அந்தப் படங்கள் எல்லாம் டிஏடி என்ற நீட்சியோடு, ஒவ்வொன்றும் 700 எம்பி அளவில் கிடக்கும். டிஏடி என்றால் வெறும் 'தரவு'. எந்தக் கணக்கும் அதை வீடியோ என்று எண்ணாது. ஆனால் விஎல்சி என்ற வீடியோ நிரலில் இழுத்துப் போட்டால் படம் ஓடும். இதற்கு நேர்மாறு டிஎஸ். டிஷ் பெட்டியில் பென் டிரைவ் செருகிப் பதிந்த நிகழ்ச்சிகள் பல டிஎஸ் என்றே முடியும், அவை வீடியோதான். டைப்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய நிரல் கோப்புகளும் அதே டிஎஸ் என்றுதான் முடியும். வலைத்தள வேலை செய்கிறவரின் கணினியில் ஆயிரக்கணக்கான 'வீடியோக்கள்', ஒவ்வொன்றும் 3 கேபி என்று வந்தால் அது இதுதான். வீடியோ என்று நினைத்து அழித்தால் வேலை போய்விடும்.

சந்தேகமான கோப்பின் உண்மை வகையை அறிய அதன் தொடக்கத்தைப் பாருங்கள். பிரதி ஒன்று எடுத்து நோட்பேடில் திறந்தால் குப்பை எழுத்துகள்தான் வரும், ஆனால் முதல் சில எழுத்துகள் போதும். சத வீதக் குறியும் அதையடுத்துப் பிடிஎஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் என்றால் பிடிஎஃப். பிகே என்று தொடங்கினால் ஸிப் வகை. வேர்ட், எக்செல் ஆகியவற்றின் இன்றைய கோப்புகளும் உள்ளே ஸிப் என்பதால் அவையும் பிகே என்றே தொடங்கும். எம்இசட் என்று தொடங்கினால் அது ஓடக்கூடிய நிரல். படம் என்று பெயர் வைத்த கோப்பு எம்இசட் என்று தொடங்கினால் திறக்காமல் அழித்துவிடுங்கள். நோட்பேடில் திறந்ததை மட்டும் எக்காரணம் கொண்டும் 'சேவ்' செய்ய வேண்டாம், கோப்பு பழுதாகிவிடும். பெரிய வீடியோவை நோட்பேடில் திறக்கவும் வேண்டாம், கணினி திணறும். அதை விஎல்சியிலேயே சோதிக்கலாம்.

நீட்சியை மாற்றினால் வகை மாறுமா என்று கேட்பார்கள். கணக்கில் தலைப்பு மாறும், உள்ளே இருப்பது மாறாது, ஒரு பைட் இடமும் மிஞ்சாது.

'சைஸ்' ஒன்று, 'சைஸ் ஒன் டிஸ்க்' வேறொன்று

ஒரு கோப்புறையின் 'புரொபர்ட்டீஸ்' திறந்தால் இந்த இரண்டு எண்களும் இருக்கும். டிஸ்க் இடத்தைத் துண்டு துண்டாகத்தான் கொடுக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு துண்டு வழக்கமாக 4 கேபி. 1 கேபி கோப்புக்கும் 4 கேபி போகும். பென் டிரைவில் இது கடிக்கும். 64 ஜிபி பென் டிரைவை விண்டோஸில் வழக்கமான அமைப்பிலேயே எக்ஸ்ஃபட் வடிவில் போர்மட் செய்தால் துண்டு 128 கேபி. ஒவ்வொன்றும் 2 கேபி உள்ள 10,000 கோப்புகளை அதில் போட்டால் உள்ளடக்கம் 20 எம்பிதான், ஆனால் 1.2 ஜிபிக்கு மேல் இடம் போகும். வலைத்தளக் கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுபோகிறவர்கள் ஸிப் செய்து ஒரே கோப்பாகப் போடுங்கள். பிரதி எடுக்கும் நேரமும் வெகுவாகக் குறையும். ஒன்டிரைவில் மேகத்தில் மட்டும் இருக்கிற கோப்புக்கு 'சைஸ்' பெரிதாகவும் 'சைஸ் ஒன் டிஸ்க்' பூச்சியமாகவும் தெரியும். அழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு எப்போதும் இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

மக்

'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'ஸ்டோரேஜ்'. இங்கே தலைவலி 'சிஸ்டம் டேட்டா'. மக்கின் மொன்டரேய் பதிப்புக்கு முன் இதன் பெயரும் 'அதர்' தான். வேறெந்தத் தலைப்பிலும் அடங்காதவை இதில் விழும். அதிகம் வீங்குவதற்கு மக்கின் பேக்அப் வசதியான டைம் மெஷினின் உள்ளூர்ப் பிரதிகள் பெரும்பாலும் காரணம். வெளி டிஸ்க் செருகாத நாட்களிலும் மக் தன்னுள்ளேயே ஒரு நாள் வரை பிரதி வைத்திருக்கும். 'டிஸ்க் யூட்டிலிட்டி'யில் 'வியூ' மெனுவின் 'ஷோ ஏபிஎஃப்எஸ் ஸ்னப்ஷொட்ஸ்' என்பதைப் போட்டால் அவை தெரியும். இடம் தேவைப்படும்போது மக்கே அவற்றை விடுவிக்கும், அவசரமென்றால் அங்கேயே அழிக்கலாம்.

வகைப் பிரிப்பே தாறுமாறாக இருந்தால் மக்கின் தேடல் வசதியான ஸ்பொட்லைட்டின் அட்டவணையைத் திரும்பக் கட்ட வேண்டும். ஸ்பொட்லைட் அமைப்பில் தனியுரிமைப் பட்டியலுக்குள் உங்கள் டிஸ்க்கைக் கூட்டல் குறியால் சேர்த்து, பிறகு கழித்தல் குறியால் எடுத்துவிடுங்கள். சில மணி நேரம் லாப்டொப்பைச் சார்ஜரில் விடுங்கள். முடியும்வரை எண்கள் ஆடிக்கொண்டிருக்கும். மக்கில் ஒரே டிஸ்க்குக்குள் எடுத்த பிரதி, மாற்றம் செய்யும்வரை புதிய இடம் பிடிக்காது. ஆகவே இரட்டிப்பான கோப்புகளை அழித்தும் இடம் மிஞ்சவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

போன்

அன்ட்ரொய்ட் பொதுவான சேமிப்பில் உள்ள படம், வீடியோ, ஓடியோவை நீட்சியை வைத்துப் பிரிக்கிறது. செயலிகள் தங்களுக்குள் வைத்திருப்பதை அந்தந்தச் செயலியின் பெயரில் எழுதுகிறது. மீதியை, மொத்தப் பாவனையிலிருந்து கழித்து வந்த எண்ணை, 'சிஸ்டம்' என்று போடுகிறது. 128 ஜிபி என்று விற்ற போனில் மொத்தத்தையும் முழு 128 என்றே காட்டுவதால், இல்லாத இடம்கூட அந்தச் 'சிஸ்டம்' எண்ணில் ஏறிவிடும். அதைக் குறைக்க எந்த 'கிளீனர்' செயலியாலும் முடியாது. அப்படிச் சொல்கிற செயலிகளை இறக்கவே வேண்டாம்.

வட்ஸ்அப்தான் இங்கே பெரிய ஆள். குடும்பக் குழு, வகுப்புக் குழு, கோவில் குழு என்று வருகிற படங்கள் 'இமேஜஸ்' கணக்கில், வீடியோக்கள் 'வீடியோஸ்' கணக்கில், குரல் செய்திகள் 'ஓடியோ' கணக்கில் என்று பல போன்களில் சிதறிப் போகும். அதனால் செயலிப் பட்டியலில் வட்ஸ்அப் சிறியதாகத் தெரியலாம். வட்ஸ்அப்புக்குள்ளேயே 'செட்டிங்ஸ்', 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', 'மெனேஜ் ஸ்டோரேஜ்' என்று போனால் எல்லாம் ஒரே இடத்தில் வரும். 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகவும், பல தடவை பகிரப்பட்டவை தனியாகவும் இருக்கும். இரண்டாவதைத் திறந்து அளவு வரிசையில் அழிக்கத் தொடங்குங்கள். காலை வணக்கப் படங்களும் பகிர்ந்த வீடியோக்களும் அங்கேதான் குவிந்திருக்கும். நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பியவற்றின் பிரதியும் 'சென்ட்' என்ற கோப்புறையில் தங்கும், கலரியில் அது தெரியாது. பார்க்க வேண்டுமானால் ஃபைல்ஸ் செயலியில் தேடுங்கள்.

அழித்த பிறகும் பட்டை அசையவில்லையா? ரீசைக்கிள் பின், மக்கின் டிரஷ், போன் கலரியின் 'டிரஷ்' எல்லாமே அழித்ததை அப்படியே வைத்திருக்கும். கூகுள் போட்டோஸின் தொட்டியில் பேக்அப் எடுத்த படங்கள் 60 நாள், எடுக்காதவை 30 நாள் கிடக்கும். ஐபோனில் 'ரீசென்ட்லி டிலீட்டட்' 30 நாள். தொட்டியைக் காலி செய்துவிட்டு ஸ்டோரேஜ் பக்கத்தை மூடித் திறந்து, கணக்கு ஓடி முடியும்வரை காத்திருந்து எண்ணைப் பாருங்கள்.